9 அடி தூரம், 6 ஓம் ஸ்பீக்கர்: எந்த ஸ்டீரியோ ஆம்ப், எப்படி இணைப்பது?

மெல்லிசை_72

ஹால் 12க்கு 15 அடி. மொசைக் தரை, கான்கிரீட் சுவர். ஸ்பீக்கரிலிருந்து உட்காரும் இடம் 9 அடி. ஸ்பீக்கர் ஏற்கெனவே இருக்கிறது: டூ-வே புக்ஷெல்ஃப் (பேஸுக்கு ஊஃபர், ட்ரெபிளுக்கு ட்வீட்டர்), ஊஃபர் ஐந்தேகால் இஞ்ச். பின்பக்க ஸ்டிக்கரில் 6 ஓம், 86 டெசிபெல் (2.83 வோல்ட், 1 மீட்டர்) என்று இருக்கிறது.

இணைக்க வேண்டியவை: டிவி, போன், இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள். டிவியில் ஆப்டிகல் அவுட் உண்டு. டர்ன்டேபிளில் எம்எம் கார்ட்ரிட்ஜ் (நகரும் காந்தம் உள்ள முள் தலை). கேட்பது பெரும்பாலும் கச்சேரி, பழைய சினிமாப் பாட்டு. பட்ஜெட் 50,000 ரூபாய்.

ஒரு கடையில் "100 வாட்டுக்குக் குறைஞ்சு வாங்கினா ஸ்பீக்கர் புகைஞ்சிடும்" என்கிறார்கள். இன்னொரு கடையில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றைக் காட்டி 300+300 வாட் என்கிறார்கள். எதை நம்புவது?

செப்புக்கம்பி

இரண்டையும் நம்ப வேண்டாம். கணக்கைப் போட்டுவிடலாம்.

2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட். உங்களுடையது 6 ஓம், ஆக 1.33 வாட். அவ்வளவு கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 86 டெசிபெல். 9 அடி என்றால் சுமார் 2.75 மீட்டர், திறந்த வெளியில் அந்தத் தூரத்துக்கு 8.8 டெசிபெல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதால் 3 கூடும். 86 − 8.8 + 3, கிட்டத்தட்ட 80. கான்கிரீட் சுவரும் மொசைக் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும், அதனால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும்.

வீட்டில் சாதாரணமாகக் கேட்பது சராசரி 70 முதல் 75 டெசிபெல். அதாவது நாள் முழுக்க ஆம்ப் தருவது ஒரு வாட்டுக்கும் கீழே. மிருதங்கத்தில் ஒரு 'தோம்' விழும்போது மட்டும் சராசரிக்கு மேல் 15, 20 டெசிபெல் எகிறும். 95 டெசிபெல் உச்சம் வேண்டும் என்றால் 80க்கு மேல் இன்னும் 15. அது 31.6 மடங்கு சக்தி. 1.33 × 31.6 = 42 வாட்.

45 முதல் 60 வாட் உண்மையாகத் தரும் ஆம்ப் இருந்தால் போதும். 50ஐ விட்டு 100க்குப் போனால் கிடைப்பது 3 டெசிபெல். காதுக்கு அது "கொஞ்சம் கூட" என்ற அளவுதான். இரட்டிப்புச் சத்தமாகக் கேட்க 10 டெசிபெல், அதாவது 10 மடங்கு வாட் வேண்டும்.

ரிச்சி_தெரு

> 100 வாட்டுக்குக் குறைஞ்சு வாங்கினா ஸ்பீக்கர் புகைஞ்சிடும்

இதுல பாதி உண்மை இருக்கு, அதான் கடைக்காரர் தைரியமா சொல்றார். சின்ன ஆம்பை அதோட எல்லைக்கு மேல முறுக்கினா அலையோட தலை வெட்டுப்பட்டு சதுரமாயிடும். 50 வாட் சைன் அலை தர்ற ஆம்ப், முழுசா சதுரமா வெட்டினா 100 வாட் வரைக்கும் தள்ளும். பேஸ் ஏற்கெனவே உச்சத்துல மோதி நிக்கும், மேல ஏற முடியாது. வால்யூமை மேல மேல திருப்பினா ட்ரெபிள் மட்டும் ஏறிக்கிட்டே போகும். ட்வீட்டர் வாய்ஸ் காயில் தலைமுடி மாதிரி மெல்லிசு. சில வாட் தொடர்ந்து போனாலே கருகிடும்.

ஆனா இது நடக்க சத்தம் கரகரன்னு கேக்கணும், கேட்டும் குறைக்காம இருக்கணும். 9 அடி தூரத்துல கச்சேரி கேக்கறவருக்கு இந்த பயமே வேண்டாம். ஸ்பீக்கரைக் கொல்றது வாட் குறைவு இல்லீங்க, வால்யூம் குமிழ்ல இருக்கற கை.

வோல்ட்_அளவன்

அந்த 300+300 பெட்டிக்கு வருவோம். இந்த மாதிரிப் பெட்டிகளில் பலவற்றுக்குள் இருப்பது டிபிஏ 3255 என்ற கிளாஸ் டி (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்தே பெருக்கும் வகை) சிப். சிப் நல்ல சிப்தான். பெட்டியோடு வரும் அடாப்டரைத் திருப்பி அதன் எழுத்தைப் படியுங்கள். 32 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருந்தால் 160 வாட். சுவரிலிருந்து உள்ளே போவதே அவ்வளவுதான். வெளியே 600 எங்கிருந்து வரும்?

8 ஓமுக்கு வேறொரு எல்லையும் உண்டு. 32 வோல்ட் உச்சம் என்றால் 32 × 32 ÷ 16 = 64 வாட், அதுவும் காகிதத்தில். நிஜத்தில் ஐம்பத்துச் சொச்சம். உங்களுக்கு அதுவே போதும் என்பது வேறு விஷயம், ஆனால் ஐம்பத்துச் சொச்சம் என்று எழுதியிருந்தால் யார் வாங்குவார்கள்?

அட்டைப்பெட்டியில் உள்ள வாட்டை நம்பும் முன் பக்கத்தில் நான்கு விவரம் இருக்கிறதா பாருங்கள். எத்தனை ஓமில்? 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையா, வெறும் 1 கிலோஹெர்ட்ஸிலா? டிஎச்டி, அதாவது ஒலிச் சிதைவு, எத்தனை சதவீதம்? இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் ஓடும்போதா? "10% டிஎச்டி, 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல்" என்றால் அந்த எண்ணிலிருந்து கணிசமாகக் கழித்துக்கொள்ளுங்கள். பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச வாட்) என்று இருந்தால் படிப்பதையே நிறுத்திவிடலாம்.

ஒரே கம்பெனியிலேயே உதாரணம் இருக்கிறது. யமஹா ஏ-எஸ் 201க்கு 100 வாட், 8 ஓம், 0.2%, ஆனால் 40 ஹெர்ட்ஸிலிருந்துதான். ஏ-எஸ் 301க்கு 60 வாட், 8 ஓம், 0.019%, 20 ஹெர்ட்ஸிலிருந்து. வாட் குறைந்த 301தான் விலை கூட, எடை கூட. ஆப்டிகல் இன்புட் இருப்பதும் அதில்தான்.

வால்வு_வைத்தி

அந்தச் சின்னப் பெட்டிகளில் இன்னொரு சங்கதி. கிளாஸ் டி ஆம்பில் கடைசியில் ஒரு காயிலும் கபாசிட்டரும் சேர்ந்த ஃபில்டர் இருக்கும். ஃபீட்பேக்கை (வெளியே போவதில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துப் பிழை திருத்துவது) அந்த ஃபில்டருக்கு முன்னாலேயே எடுக்கும் மலிவான வடிவமைப்புகளில், ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்து ட்ரெபிள் மாறும். 4 ஓம் என்றால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சற்றுத் தணியும், 8 ஓம் என்றால் சற்றுத் தூக்கும். ஒருவர் "கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார், இன்னொருவர் அதே பெட்டியை "மந்தம்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஃபில்டருக்குப் பிறகு ஃபீட்பேக் எடுக்கும் மாடல்களில் இந்தக் குறை இல்லை.

வோல்ட்_அளவன்

ஒத்துக்கொள்கிறேன். வைத்தி சார் வால்வைச் சொல்லாமல் கிளாஸ் டி பற்றிப் பேசியதைக் குறித்துவைத்துக்கொள்கிறேன் :)

செப்புக்கம்பி

மெல்லிசை, உங்கள் தேர்வு வாட்டில் இல்லை, பின்பக்கத் துளைகளில்தான் இருக்கிறது. டிவிக்கு ஆப்டிகல், டர்ன்டேபிளுக்கு எம்எம் ஃபோனோ (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் துளை), போனுக்கு ப்ளூடூத். மூன்றும் உள்ளேயே இருந்தால் மூன்று தனிப் பெட்டியும் மூன்று அடாப்டரும் மிச்சம்.

டெனன் பிஎம்ஏ-600என்ஈ: 8 ஓமில் 45 வாட், 4 ஓமில் 70. ஆப்டிகல், எம்எம் ஃபோனோ, ப்ளூடூத் மூன்றும் உண்டு. யமஹா ஏ-எஸ் 301: 60 வாட், ஆப்டிகல், எம்எம், சப்ஊஃபர் அவுட் உண்டு, ப்ளூடூத் இல்லை, தனி ரிசீவர் மாட்ட வேண்டும். கேம்பிரிட்ஜ் ஏஎக்ஸ்ஏ 35: 35 வாட், எம்எம் உண்டு, ஆனால் டிஜிட்டல் இன்புட் கிடையாது, டிவிக்குத் தனி டிஏசி (டிஜிட்டலை அனலாகாக மாற்றும் பெட்டி) வாங்க வேண்டிவரும்.

உங்கள் கணக்குக்கு முதலிரண்டில் எதுவும் சரி. வாட் கொஞ்சம் கூட வேண்டும் என்றால் யமஹா. போன்தான் அதிகம் என்றால் டெனன். ஒலியில் இரண்டுக்கும் வித்தியாசம் தேடுவதைவிட ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து அரை அடி முன்னே இழுத்துப் பாருங்கள், அது அதிகம் கேட்கும்.

ரிச்சி_தெரு

செகண்ட் ஹேண்டையும் ஒதுக்காதீங்க. 1978ல வந்த என்ஏடி 3020 தாள்ல வெறும் 20 வாட். அதை வச்சு இன்னிக்கும் கேக்கறவங்க இருக்காங்க. பழசு வாங்கினா மூணு சோதனை.

ஒண்ணு, சீரிஸ் லேம்ப். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை ஃபேஸ் லைன்ல தொடர்ச்சியா போட்டு ஆன் பண்ணுங்க. எல்ஈடி பல்பு ஆகாது. பளிச்னு ஒரு தடவை எரிஞ்சு மங்கினா சரி, கபாசிட்டர் நிரம்பற நேரம் அது. மங்காம நின்னு எரிஞ்சா உள்ள ஷார்ட். அப்படியே ஆஃப் பண்ணிட்டு வந்துடுங்க.

ரெண்டு, பல்பை எடுத்துட்டு நேரா கரண்ட் குடுங்க. ஸ்பீக்கர் மாட்டாம, வால்யூம் ஜீரோல, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்ல வச்சு ஸ்பீக்கர் டெர்மினலோட சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல பாருங்க. 50க்குள்ள இருந்தா நிம்மதி. 100 தாண்டினா சர்வீஸ் செலவைப் பேசி விலையைக் குறைங்க. வோல்ட் கணக்குல காட்டினா ஸ்பீக்கரை கிட்டவே கொண்டு போகாதீங்க, ஊஃபர் காயில் போயிடும்.

மூணு, குமிழைத் திருப்பும்போது கரகரப்பு. பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே உள்ள அடிச்சு இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பினா போயிடும். போகலைன்னா முன்னாடி இருக்கற கபாசிட்டர் டிசியைக் கசிய விடலாம்.

யாழோசை

வணக்கம். யப்பானிலயிருந்து வந்த பாவிச்ச ஆம்ப் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். பின்னால 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், 180 வாட் எண்டு போட்டிருக்கு. ட்ரான்ஸ்ஃபோர்மர் போட்டு ஓட்டலாமோ? 110 வோல்ட் ட்ரான்ஸ்ஃபோர்மர் ஒண்டு வீட்டில சும்மா கிடக்கு.

வோல்ட்_அளவன்

ஓட்டலாம், ஆனால் 110 வேண்டாம். உங்கள் 230 வோல்ட் லைன் இரவில் 240க்கு ஏறினால் அந்த 110, 115 ஆகிவிடும். 100 வோல்ட் ஆம்புக்கு அது 15 சதவீதம் கூடுதல். உள்ளே இருக்கும் பெரிய ஃபில்டர் கபாசிட்டர்களுக்கு அவ்வளவு இடைவெளி இருக்கும் என்று சொல்ல முடியாது, பழசு வேறு. 230க்கு 100 என்றே சுற்றிய ஸ்டெப் டவுன் வாங்குங்கள். பின்னால் உள்ள 180 வாட்டுக்குக் குறைந்தது இருமடங்கு, கடையில் கிடைக்கும் அளவில் 500 விஏ.

தவறிப்போய் நேராக 230இல் செருகினால் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஃபியூஸ் போகும், கபாசிட்டர் வெடிக்கவும் கூடும். எனவே அந்த ஆம்பின் பிளக்கில் இன்றே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், வீட்டில் மற்றவர்களும் செருகுவார்கள் அல்லவா.

இன்னொன்று. அதே வழியில் யப்பான் டர்ன்டேபிள் வாங்கினால் மோட்டாரைப் பாருங்கள். ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் என்றால் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸ் புல்லி போட்டதை 50இல் ஓட்டினால் 33⅓க்குப் பதில் 27.8 சுற்றுதான் வரும், பாட்டு இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் புல்லி மாற்ற வேண்டும். டிசி மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

யாழோசை

விளங்கிச்சு, நன்றி. சீட்டு ஒட்டியாச்சு.

மெல்லிசை_72

டெனன் என்று முடிவு செய்தாயிற்று. பெட்டி வந்துவிட்டது, இன்னும் செருகவில்லை. ஸ்பீக்கருக்கு எந்த வயர்? ஆம்பிலிருந்து இடது ஸ்பீக்கர் 2 மீட்டர், வலது 5 மீட்டர். இரண்டையும் ஒரே நீளமாக வெட்ட வேண்டுமா?

செப்புக்கம்பி

நீளம் சமமாக இருக்கத் தேவையில்லை. 3 மீட்டர் வித்தியாசத்தில் மின்சாரம் தாமதமாக வந்து சேர்ந்துவிடாது. மிச்ச வயரைச் சுருட்டி ஆம்புக்குப் பின்னால் போட வேண்டியதுதான் வரும்.

தடிமன் முக்கியம். எலக்ட்ரிகல் கடையில் விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு வயர், போகவர இரண்டு கம்பி, மீட்டருக்கு 0.023 ஓம். 5 மீட்டருக்கு 0.115. ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் வயர் இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 6 ஓமுக்கு 0.3. தாராளமாகப் போதும். 2.5 போட்டால் 0.07 ஆகும், கெடுதல் இல்லை, வளைப்பதுதான் கஷ்டம். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், குழப்பமே வராது.

"ஸ்பீக்கர் வயர்" என்று கண்ணாடித் தோலில் விற்பதில் பல அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு, இரண்டு முறை மடக்கினால் இழை ஒடியும்.

இப்போது செருகும் வேலை. ஆம்பின் பவர் பிளக் சுவரில் இருக்கக் கூடாது. சுவிட்ச் ஆஃப் மட்டும் போதாது.

தோலை 10 முதல் 12 மில்லிமீட்டர் உரியுங்கள். இழைகளை வலப்பக்கமாகவே முறுக்கி ஒரே கயிறாக்குங்கள். நுனியில் ஈயம் வைக்காதீர்கள். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, ஆறு மாதத்தில் பிடி தளர்ந்துவிடும். டெர்மினல் மூடியைத் தளர்த்தினால் தண்டில் குறுக்கே ஒரு துளை தெரியும். அதில் செருகி மூடியை விரலால் இறுக்குங்கள், கட்டிங் பிளேயர் வேண்டாம். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள்: ஒரே ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஆம்ப் ப்ரொடெக்ஷனுக்குப் போகும். ப்ரொடெக்ஷன் இல்லாத அசெம்பிள்டு ஆம்ப் என்றால் அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர் போகும்.

ஆம்பில் சிவப்பு, ஸ்பீக்கரில் சிவப்பு. இரண்டு பக்கமும் அதே மாதிரி. ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் எதுவும் எரியாது, ஆனால் பேஸ் காணாமல் போகும். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவும். "ஆம்ப் சரியில்லை" என்று திருப்பிக் கொடுக்கப்படும் ஆம்ப்களில் எத்தனைக்கு இதுதான் நோய் என்று யாராவது கணக்கெடுக்கலாம்.

வயரில் நிறம் இல்லையென்றால் ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஆம்பிலிருந்து கழற்றிய நுனிகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஊஃபர் கூம்பு முன்னே நகர்ந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட கம்பிதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

ஒலிப்பித்து

ஸ்பீக்கரில் நான்கு டெர்மினல் இருந்தால்?

செப்புக்கம்பி

நடுவே இருக்கும் உலோகப் பட்டையைக் கழற்றாமல் ஏதாவது ஒரு ஜோடியில் போடுங்கள். பட்டையைக் கழற்றிவிட்டு ஒரு ஜோடி மட்டும் போட்டால் ட்வீட்டரோ ஊஃபரோ ஊமை.

ஒலிப்பித்து

என்னிடம் கூடுதலாக இன்னொரு ஜோடி 6 ஓம் ஸ்பீக்கர் உண்டு. ஆம்பில் ஏ, பி என்று இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் இணைப்பையும் ஒரே நேரத்தில் ஆன் பண்ணலாமா?

வோல்ட்_அளவன்

பல ஆம்ப்களில் ஏ+பி என்றால் பேரலல். 6க்கு 6 சேர்ந்தால் 3 ஓம். ஆம்பின் பின்னால் "ஏ+பி: குறைந்தது 8 ஓம்" என்று எழுதியிருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. 3 ஓமில் மின்னோட்டம் இருமடங்காகி ஹீட்சிங்க் கொதிக்கும். ஏ அல்லது பி, ஒன்று மட்டும் ஓட்டுங்கள்.

ஓம் ஸ்டிக்கர் கிழிந்த பழைய ஸ்பீக்கர் என்றால் மல்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் சுமார் 3 முதல் 3.5. முடிவில்லாமல் காட்டினால் காயில் அறுந்திருக்கிறது.

கிளாஸ் டி சின்னப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: அதில் கறுப்பு டெர்மினல் எர்த் இல்லை. இரண்டு முனையிலும் ஆம்ப் ஓடுகிறது. இடது கறுப்பையும் வலது கறுப்பையும் சேர்த்துக் கட்டினால், அல்லது கறுப்பைப் பொதுவாக வைத்திருக்கும் ஸ்பீக்கர் செலெக்டர் பெட்டியை மாட்டினால் ஷார்ட்தான்.

மெல்லிசை_72

ஸ்பீக்கர் வேலை முடிந்தது, பாடுகிறது. இரண்டு சிக்கல்.

1. டிவியிலிருந்து ஆப்டிகல் போட்டேன். யூடியூப் வருகிறது. ஓடிடி படம் போட்டால் சத்தமே இல்லை.

2. செட்டாப் பாக்ஸிலிருந்து தனியாக ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை பிளக்) வயரும் ஆம்புக்கு இழுத்தேன். அதைச் செருகியதும் உர்ர்ர் என்று உறுமல். வால்யூமை ஏற்றினால் உறுமலும் ஏறுகிறது. எர்த் பின்னை வெட்டிவிட்டால் போய்விடும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

வோல்ட்_அளவன்

எர்த் பின்னை வெட்டாதீர்கள். உள்ளே ஒரு கம்பி பெட்டியைத் தொட்டால் எர்த்தும் ஆர்சிசிபியும்தான் (மின்கசிவைக் கண்டதும் தானே அணையும் சுவிட்ச்) உங்களைக் காப்பாற்றும்.

முதலாவது சுலபம். ஓடிடி படம் டால்பியில் வருகிறது. ஸ்டீரியோ ஆம்புக்கு டால்பி புரியாது. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை 'ஆட்டோ'விலிருந்து 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) ஆக்குங்கள். இனி டிவி ரிமோட்டில் வால்யூம் வேலை செய்யாமல் போகலாம், ஆம்ப் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பவர்களுக்கு: எதிலுமே சத்தம் வராவிட்டால் ஆப்டிகல் கேபிளின் இரு நுனியிலும் உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றினீர்களா பாருங்கள். அது இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

உறுமலுக்கு: செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் அல்லது டிஷ் கோஆக்ஸியலைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். நின்றால் கிரவுண்ட் லூப். தெருவிலோ மொட்டைமாடியிலோ ஒரு எர்த், உங்கள் சுவரில் ஒரு எர்த். இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு மின்னழுத்த வித்தியாசம் ஆர்சிஏ வயரின் வெளிச்சுற்று வழியாக ஓடுகிறது, ஆம்ப் அதைப் பாட்டாக நினைத்துப் பெருக்குகிறது.

மெல்லிசை_72

கோஆக்ஸியலைக் கழற்றியதும் நின்றுவிட்டது.

வோல்ட்_அளவன்

அப்படியானால் அந்த ஆர்சிஏ வயரையே எடுத்துவிடுங்கள். செட்டாப் பாக்ஸ் எச்டிஎம்ஐயில் டிவிக்குப் போகட்டும், டிவியிலிருந்து ஆப்டிகல் ஆம்புக்கு. ஆப்டிகலில் போவது வெளிச்சம், செம்பு இல்லை. லூப் அங்கேயே அறுந்துவிடும். ஆப்டிகல் இல்லாத டிவி வைத்திருப்பவர்கள் ஆர்சிஏ வழியில் ஆடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம். மலிவானவற்றில் ஆழ்ந்த பேஸ் கொஞ்சம் மெலியும்.

ரிச்சி_தெரு

உறுமலை வச்சே நோயைச் சொல்லலாம். அடித்தொண்டைல மழமழன்னு 'ஊம்ம்' வந்தா 50 ஹெர்ட்ஸ்: எர்த் லூப், இல்ல சிக்னல் வயர் ட்ரான்ஸ்ஃபார்மரை ஒட்டி ஓடுது. கொஞ்சம் மேல் ஸ்தாயில முரட்டுத்தனமா, எல்லா இன்புட்டையும் கழற்றினப்புறமும், வால்யூம் ஜீரோலயும் அதே அளவு வந்தா 100 ஹெர்ட்ஸ்: ரெக்டிஃபயருக்கு (ஏசியை டிசியாக்கறது) அப்புறம் இருக்கற ஃபில்டர் கபாசிட்டர் காய்ஞ்சு போச்சு. பழைய ஆம்ப்ல சகஜம். மாத்தும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூட. குறைச்சு போடாதீங்க.

ஸ்பீக்கர்ல இல்லாம ஆம்ப் பெட்டியே உறுமினா அது வேற. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் உறுமினா சதுர அலை இன்வெர்ட்டர். ட்ரான்ஸ்ஃபார்மர் அதை விரும்பாது, சூடாகும். சைன் வேவ் இன்வெர்ட்டர்னா பிரச்சினை இல்ல. சதுர அலைதான்னா கரண்ட் வர்ற வரைக்கும் போன்லயே கேளுங்க.

வால்வு_வைத்தி

ஆம்பை ஷோகேஸ் அலமாரிக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்துவது நம்மூர்ப் பழக்கம். மேலே குறைந்தது 10 சென்டிமீட்டர், பின்னால் கொஞ்சம் இடம் விடுங்கள். சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி. வழக்கமான கிளாஸ் ஏபி வகை ஆம்ப் சும்மா இருக்கும்போதே சூடு தரும். ஆம்ப் தலையில் செட்டாப் பாக்ஸை உட்கார வைக்காதீர்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஆர்சிஏ பிளக்குகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றித் திரும்பச் செருகினாலே பச்சைக் களிம்பு பாதி போய்விடும்.

மெல்லிசை_72

உறுமல் போயே போச்சு. கடைசிக் கேள்விகள். வால்யூம் குமிழ் 10 மணி திசையிலேயே போதும் போதும் என்கிற சத்தம். ஆம்ப் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? டர்ன்டேபிளின் பின்னால் 'ஃபோனோ / லைன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, எதில் வைப்பது? ஒரு மெல்லிய தனி வயரும் தொங்குகிறது.

செப்புக்கம்பி

குமிழ் சொல்வது வாட் இல்லை. டிஜிட்டல் கருவிகள் 2 வோல்ட் வரை அனுப்பும். பல ஆம்ப்களுக்கு 0.2 வோல்ட் கொடுத்தாலே முழு சக்தி வந்துவிடும், அதுவும் குமிழ் கடைசியில் இருந்தால். ஆகவே பலமான சிக்னலுக்கு 11, 12 மணியிலேயே ஆம்ப் உச்சத்தைத் தொட்டிருக்கலாம். குமிழில் இடம் இருக்கிறதே என்று திருப்புவதுதான் ரிச்சி_தெரு சொன்ன ட்வீட்டர் கருகல். போனில் மட்டும் போன் வால்யூமை முழுதாக வைத்துவிட்டு ஆம்பில் குறையுங்கள்.

டர்ன்டேபிள்: எம்எம் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். அதைப் பெருக்குவதோடு, இசைத்தட்டு வெட்டும்போது குறைத்த பேஸையும் கூட்டிய ட்ரெபிளையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஃபோனோ ஸ்டேஜின் வேலை. அது ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும். ஆம்பில் 'ஃபோனோ' துளையில் போட்டால் டர்ன்டேபிள் சுவிட்சும் 'ஃபோனோ'. ஆம்பில் வேறு துளை என்றால் சுவிட்ச் 'லைன்'. இரண்டு பக்கமும் பெருக்கினால் காது கிழியும் கரகரப்பு. இரண்டு பக்கமும் பெருக்காவிட்டால் கொசு பாடுவதுபோல் பேஸ் இல்லாத மெல்லிய குரல். உங்கள் ஆம்பின் ஃபோனோ ஸ்டேஜையே பயன்படுத்துங்கள்.

அந்த மெல்லிய வயர் எர்த். ஆம்பின் பின்னால் ஃபோனோ துளைக்குப் பக்கத்தில் தனி ஸ்க்ரூ இருக்கும், அதில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் உறுமல் திரும்பி வரும். டோன்ஆர்மைத் தொட்டால் உறுமல் குறைகிறது என்றால் இந்த வயர்தான் காரணம். டர்ன்டேபிளை ஆம்பின் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வைக்காதீர்கள், ஓரடியாவது தள்ளியிருக்கட்டும்.

ஒரு சேனல் மட்டும் வரவில்லை என்றால் ஹெட்ஷெல்லின் நான்கு பின்னைப் பாருங்கள். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். கழன்றிருந்தால் மூக்குக் குறடால் மெதுவாக, கார்ட்ரிட்ஜை ஹெட்ஷெல்லோடு வெளியே எடுத்து வைத்துக்கொண்டு.

மெல்லிசை_72

எர்த் வயரை ஆம்ப் ஓடும்போதே மாட்டலாமா? உறுமல் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே மாட்டலாம் என்று பார்க்கிறேன்.

செப்புக்கம்பி

வால்யூமை ஜீரோவுக்கு இறக்கிவிட்டு மாட்டுங்கள், பிறகு ஏற்றிக் கேளுங்கள். ஃபோனோ துளையில் பெருக்கம் அதிகம். வால்யூம் மேலே இருக்கும்போது வயர் ஸ்க்ரூவில் உரசினால் வரும் 'டப்' நேராக ஊஃபருக்குப் போகும். நிறுத்தும்போதும் ஒரு வரிசை உண்டு: முதலில் ஆம்ப் ஆஃப், பிறகுதான் டர்ன்டேபிளும் டிவியும்.